டிரம் செட்டுக்குச் சுற்றிய கூறைப் புடவை

எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். ஞாபகமும் முன்னே மாதிரி இல்லை. போன வாரம் தறிக்கு நூல் தார் சுற்றுவதைப் பற்றி எழுதும்போது ராட்டினத்தை இடது கையால் சுற்றினேன் என்று எழுதிவிட்டேன். வலது கைதான். ஒரு அம்மா கடிதம் போட்டுத் திருத்தியிருக்கிறார். இந்த வாரமும் அப்படி ஏதாவது இருக்கும்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். இப்போதும் பயந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

இரண்டு துளி

களம்பூரில் ஒரு அரிசி மில். நெல் காயவைக்கிற சிமெண்டுக் களத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். கல்யாண வரவேற்பு. சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். தவிட்டு வாசனையும் மல்லிப்பூ வாசனையும் கலந்து அடித்தது.

மேடையில் மெல்லிசைக் குழு. எங்கள் வீட்டுக்காரர் டிரம் செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் பெண்கள் பக்கத்தில் நாலாவது வரிசை. என் மாமியார் முதல் வரிசை. அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

என் புறங்கையில் ஒரு துளி விழுந்தது. வேர்வை என்று நினைத்தேன். இன்னொரு துளி விழுந்தது. அண்ணாந்து பார்த்தால் பந்தல் துணியில் ஒரு இடம் கறுப்பாக நனைந்துகொண்டு வருகிறது. வைகாசித் தூறல். எல்லாரும் நல்ல சகுனம் என்று சிரித்தார்கள்.

நான் மேடையைப் பார்த்தேன். மேடையில் இருந்த பெரிய டிரம்மைச் சுற்றி ஒட்டியிருந்தது என் கூறைப் புடவை. அரிசிக் கஞ்சியால் ஒட்டியிருந்தோம். அத்தைக்குத் தெரியாது.

மாடு எப்போ வரும்?

எங்கள் வீட்டுக்காரர் பட்டு நெய்கிறவர். குழித்தறியில் கால் மாற்றி மாற்றி மிதித்த பழக்கமோ என்னவோ, அவர் காலில் ஒரு தாளம் இருக்கும். கை ஊடை நூல் ஓட்டுகிற நாடாவை இழுக்கும், கால் தனியாக ஒரு பாட்டு போடும். எங்கள் ஊர் ஆரணியில் ஒரு மெல்லிசைக் குழு ஆரம்பித்தபோது அவரைக் கூப்பிட்டார்கள். குழுவை நடத்தினவர் அக்கார்டியன் வாசிக்கிற சேகர்.

அப்போது எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். வேலூரில் ஒரு குழு உடைந்துபோய் அவர்களுடைய பழைய டிரம் செட்டு விலைக்கு வந்தது. பொங்கல் கழித்து எங்கள் வீட்டுக்காரர் அதை வாங்கி பஸ் மேலே கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார். பெரியது ஒன்று, அதன்மேல் உட்காருகிற சின்னது இரண்டு, காலில் நிற்பது ஒன்று, தட்டையாக ஒன்று.

மேலே ஒட்டியிருந்த நீல ஷீட்டு வெடித்து, பாம்புச் சட்டை மாதிரி தொங்கியது. இரும்பெல்லாம் துரு. தூக்கி உள்ளே வைத்தபோது அதற்குள்ளிருந்து ஒரு கரப்பான் ஓடியது.

அத்தை பார்த்தார். "டமாரம் வந்துட்ச்சி. அத சுமக்குற கோயில் மாடு எப்போ வரும்?" என்றார்.

"பாட்டுக் கச்சேரிக்கும்மா," என்றார் இவர்.

"எதுக்கோ. தறி இருக்குற வீடு இது. என் பாவுமேல ஒரு தூசி, ஒரு சொட்டு உழுந்துச்சின்னா, அன்னிக்கே டமாரம் தெருவுல. கூட யார் யார் கை வச்சாங்களோ அவங்களும்."

கடைசி வார்த்தைக்கு என்னைப் பார்த்தார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எதிர் வீட்டு மருமகள் பாவுமேல், தறியில் நீட்டிக் கட்டின பட்டு நூல்மேல், விளக்கெண்ணெய் சிந்தினாள் என்று அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வர இரண்டு வருஷம் ஆனது. என் அம்மா வீடு கண்ணமங்கலம். பஸ் ஏறினால் பக்கம்தான். அப்படிப் போய் இறங்குவதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

கற்பூர வாசனை

அமாவாசை அன்று நாங்கள் தறியில் உட்காரமாட்டோம். பாவை வேட்டியால் மூடிவிட்டு, விளக்கு ஏற்றிக் கும்பிட்டுவிட்டு சும்மா இருப்போம். அதனால் டிரம் வேலை எல்லாம் அமாவாசைக்குத்தான். மாதத்துக்கு ஒரு நாள்.

மாசி அமாவாசைக்குப் பழைய ஷீட்டை உரித்தோம். மரத்தோடு பிடித்துக்கொண்டு வரவே இல்லை. சூடு காட்டினால் பசை இளகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை இவர் அதன்மேல் வைத்தார். நான் அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஓரம் சுருண்டது. அப்புறம் புஸ்ஸென்று பற்றிக்கொண்டது.

அப்படி ஒரு தீயை நான் பார்த்ததில்லை. காகிதம் மாதிரி மெதுவாக எரியவில்லை. ஓடியது. தறிக்கும் எங்களுக்கும் நடுவில் நாலு அடிதான். இவர் கையாலேயே பிய்த்து எறிந்தார், நான் குடத்துத் தண்ணீரை ஊற்றினேன். தீ அணைந்தது. வீடு முழுக்கக் கற்பூரம் கொளுத்தினது மாதிரி ஒரே வாசனை. அந்தப் பழைய ஷீட்டு எதில் செய்ததோ, எனக்குத் தெரியாது.

அத்தை கொல்லையிலிருந்து வந்தார். "அதுக்குள்ள கற்பூரம் ஏத்திட்டீங்களா? என்னையும் ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

"ஆமாங்க அத்தை, ஏத்திட்டோம்," என்றேன்.

அத்தை தறியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். இவர் கொப்புளம் வந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். நான் அத்தையிடம் சொன்ன முதல் பொய் அது.

பங்குனி அமாவாசைக்குக் கொல்லையில் வைத்து உப்புத்தாள் போட்டோம். மரத்தின் வெடிப்பைத் தச்சர்கள் பூசுகிற மக்குப் பசை வைத்து அடைத்தோம். துருப்பிடித்த ஸ்குரூக்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, புளி போட்டுத் தேய்த்தேன். முகம் தெரிகிற மாதிரி ஆனது. அது ஒன்றுதான் பயமில்லாமல் செய்த வேலை.

துணியா இருந்தா இழுத்துக்கும்

புது ஷீட்டைச் சேகர் மெட்ராஸிலிருந்து வாங்கிவந்து கொடுத்தார். சிவப்பில் மினுமினுவென்று இருக்கும். சித்திரை அமாவாசை. அத்தை அம்மன் கோயிலுக்குப் போயிருந்தார், பொழுது சாய்ந்துதான் வருவார்.

இவர் பெரிய டிரம்மைச் சுற்றி நூல் பிடித்து அளந்தார். அந்த நூல் நீளத்துக்கே ஷீட்டை வெட்டினார். காலில் நிற்பதற்கும் அப்படியே. சுற்றிப் பார்த்தால் இரண்டிலும் ஒரு விரற்கடை சேரவில்லை. எவ்வளவு இழுத்தாலும் வாய் திறந்துகொண்டே இருந்தது.

"துணியா இருந்தா இழுத்துக்கும்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பிறந்ததிலிருந்து துணியை வெட்டிய கை. துணி கொடுக்கும். பிளாஸ்டிக் கொடுக்காது. ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வெட்டினதைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை. மற்ற சின்னது மூன்றுக்கும் அந்தத் துண்டுகளையே ஒட்டுப்போட்டு எப்படியோ சுற்றிவிட்டோம்.

களம்பூர் கச்சேரிக்கு இன்னும் மூன்று வாரம். செட்டு தயாராகவில்லை என்றால் வேலூரிலிருந்து வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்று சேகர் முன்னமே சொல்லியிருந்தார். அதற்குள் இன்னொரு அமாவாசை வராது. மறுபடி மெட்ராஸ் போய் ஷீட்டு வாங்க ஆளும் இல்லை, நாளும் இல்லை. இவர் டிரம்முக்கு முன்னால் குந்திக்கொண்டு அந்த இடைவெளியில் விரலை விட்டு விட்டு எடுத்தார்.

நான்தான் சொன்னேன். யாரும் நம்பமாட்டார்கள், வாயில்லாப் பூச்சி என்று பேர் எடுத்தவள் நான். "என் கூறைப் புடவை இருக்குதே," என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "வேணாம். அது அப்பா நெய்தது."

"உள்பக்கத்துல ரெண்டு கெஜம். முந்தி அப்படியே இருக்கும். மடிச்சி வச்சா யாருக்குத் தெரியும்?"

மூக்கு இல்லாத மாங்காய்

இங்கே கொஞ்சம் வேறு சொல்ல வேண்டும். பட்டு நெய்கிற வீட்டில் பட்டு கட்டுகிறோம் என்று வெளியூரில் நினைக்கிறார்கள். நாங்கள் கட்டுவது வாயில் என்கிற மெல்லிய பருத்திப் புடவை. என்னிடம் இருந்த பட்டு அந்த ஒன்றுதான். அரக்குச் சிவப்பு, மயில்கழுத்துக் கரை, கரை முழுக்க ஜரிகை மாங்காய். எங்கள் கல்யாணத்துக்காக மாமனார் நெய்தார். அதற்குப் பிறகு அவருக்குக் கண் மங்கிவிட்டது. வேறு புடவை நெய்யவில்லை. மறு வருஷம் காலமாகிவிட்டார்.

அந்தக் கரையில் ஒரே ஒரு மாங்காய்க்கு மூக்கு இருக்காது. கண் தெரியாமல் இழை விட்டுவிட்டார். அத்தை வருகிறவர்களிடமெல்லாம் அதை விரித்துக் காட்டுவார். "பாத்தியா, ஊரையே குத்தம் சொன்ன மனுஷன், தன் மாங்காவுக்கு மூக்கு வைக்க மறந்துட்டாரு," என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் புடவையை யார் கையிலும் கொடுக்கமாட்டார்.

வருஷா வருஷம் ஆடியில் ஒரு காலை வீட்டில் இருக்கிற பட்டையெல்லாம் எடுத்து மடிப்பு மாற்றுவார். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அங்கேயே விரிந்து உடைந்துவிடும். அந்த வேலையை அத்தை மட்டும்தான் செய்வார்.

அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கத்தரிக்கோல் எடுத்தேன். ஆடிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கச்சேரி முடிந்ததும் புது ஷீட்டு வாங்கிக்கொள்ளலாம், புடவைத் துண்டை உரித்துத் திரும்பத் தைத்துவிடலாம் என்றும் நினைத்தேன். நெய்கிற வீட்டில் வாழ்ந்துகொண்டு, தைத்தது வெளியே தெரியாது என்று நினைத்திருக்கிறேன் பாருங்கள்.

கத்தரி போகும்போது பட்டு ஒரு சத்தம் போடும். இப்போதும் யாராவது புதுத்துணி வெட்டினால் அந்த இடத்தில் நான் நிற்பதில்லை.

வெட்டி முடித்து விரித்த பிறகுதான் பார்த்தேன். மூக்கில்லாத மாங்காய் வெட்டின பக்கத்தில் இருந்தது.

கஞ்சி

இவர் ரப்பர் பசை வாங்கி வைத்திருந்தார். ஓரத்தில் தடவிப் பார்த்தால் பட்டில் மஞ்சளாக ஊறிக்கொண்டு வெளியே வந்தது. "கறை படிஞ்சிட்டா திருப்பி எடுக்கவே முடியாது," என்றேன். பாவுக்குப் போடுகிற மாதிரி அரிசிக் கஞ்சி காய்ச்சினேன், கொஞ்சம் கெட்டியாக. பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை.

கஞ்சி தண்ணீர் பட்டால் விட்டுவிடும் என்று எங்களுக்குத் தெரியாதா? தெரியும். தறிக்காரர்களுக்கு அதுதானே கஞ்சியின் குணம். அதனால்தான் அதை நல்ல பசை என்று நினைத்தோம். டிரம் மழைக்குப் போகும் என்று நினைக்கவில்லை.

மூன்று பட்டையாக வெட்டி, பெரியதில் ஒன்றும் காலில் நிற்பதில் ஒன்றும் சுற்றினோம், மூன்றாவதைச் சேருகிற இடத்தில் உள்ளே வைத்தோம். கரை முன்பக்கம். மூக்கில்லாத மாங்காயைக் கீழே, தரையைப் பார்க்கிற மாதிரி திருப்பச் சொன்னேன். இவர் உள்ளங்கையால் நீவி நீவி ஒட்டினார். காய்ந்த பிறகு ஒரு சுருக்கம் இல்லை. அப்படி ஒரு அழகு. எனக்கு ஒரு நிமிஷம் பயமே மறந்துவிட்டது.

அன்று மாலையே பழைய போர்வை சுற்றி சேகர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். மிச்சப் புடவைக்குள் ஒரு பழைய வேட்டியை வைத்து, கனம் தெரியாமல் மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

அத்தை கச்சேரிக்கு வருவதாக இல்லை. கல்யாணப் பெண் வீடு அவருக்குத் தூரத்துச் சொந்தம்தான். ஆனாலும், "டமாரம் அடிக்கிற எடத்துல எனக்கு இன்னா வேல," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மத்தியானம் திடீரென்று தலை வாரிக்கொண்டு, "நானும் வரேன். சொந்தக்காரங்க ஏதாவது பேசுவாங்க," என்றார். களம்பூர் போகிற வரைக்கும் பஸ்ஸில் நான் கம்பியை விடவில்லை.

மறுபடியும் களம்பூர்

தூறல் பெரிதாகவில்லை. பெரிதாகியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். பந்தலில் தேங்கின தண்ணீர் சரியாக அந்த டிரம்மின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது பாட்டோ நாலாவது பாட்டோ. இவர் கால் மிதிக்க மிதிக்க, டிரம் அதிர அதிர, மேலே ஒரு ஓரம் தூக்கியது.

நான் கும்பிட்டேன். எந்தச் சாமியை என்று தெரியவில்லை.

கரை முன்னால் மடிந்து நாக்கு மாதிரி தொங்கியது. அப்புறம் மெதுவாக, ஒரு பெண் உட்காருவது மாதிரி, முழுப்பட்டையும் வழுக்கி இறங்கி மேடையில் விரிந்தது. உள்ளே வெறும் மரமும் மக்கு வைத்த திட்டும் தெரிந்தது. பின்னால் யாரோ, "டிரம்மு புடவ அவுத்துட்ச்சிடா," என்றான். ஆண்கள் பக்கத்தில் ஒரே சிரிப்பு.

இவர் நிறுத்தவில்லை. பாட்டு நடுவில் நிறுத்த முடியாது. முகம் சுண்ணாம்பாகிவிட்டது, கால் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

கீழே திருப்பி வைத்திருந்தோம் அல்லவா, விழுந்தபோது அதுதான் மேலே வந்தது. டியூப் லைட்டு வெளிச்சத்தில் மூக்கில்லாத மாங்காய். அத்தைக்கு நேர் எதிரே, பத்தடி தூரத்தில்.

அத்தை அசையவில்லை. அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து வலது பக்கம் சாய்ந்து, பக்கத்தில் இருந்த அம்மாவிடம் ஏதோ சொன்னார். நீளமாக இல்லை, ஒரு பேச்சு. அந்த அம்மா வெங்காயத்தோல் கலரில் புடவை கட்டியிருந்தார், மூக்கில் இரண்டு பக்கமும் குத்தியிருந்தார். அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தார்.

அத்தை திரும்பவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். ஆரணி வரும் வரைக்கும் ஒரே ஒரு பேச்சு. "டிக்கெட்டு எடுத்தியா?"

"எடுத்துட்டேங்க அத்தை."

வராத திட்டு

இவர் நனைந்த பட்டைகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். கொல்லையில் வாளியில் போட்டு வைத்தேன், காலையில் அலசலாம் என்று. காலையில் வாளி காலியாக, கவிழ்த்து வைத்திருந்தது. நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அன்றிலிருந்து அத்தை "இந்தா, இங்க வா" என்றால், இதோ வருகிறது திட்டு என்று நினைப்பேன். போனால், "உப்பு தீந்துபோச்சி" என்பார். துணிப்பையில் இரண்டு புடவை எடுத்து வைத்து அரிசிப்பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன், போ என்றால் உடனே போக. இவரிடம் கேட்டால், "எனக்கும் ஒண்ணும் சொல்லல. நீ கிளறாத," என்பார். டிரம்மையும் தெருவில் போடவில்லை. அடுத்த அமாவாசைக்குப் புது ஷீட்டு ஒட்டும்போது அத்தை அந்தப் பக்கமாக வந்து, "இந்த வாட்டியாச்சும் அளந்து வெட்டு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆடி வந்தது. காற்று அடங்கின ஒரு காலை, பாய் விரித்துப் பெட்டியைத் திறந்தார். நான் சுவரோடு நின்றேன். ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, மடிப்பு மாற்றினார். கடைசியில் என் கூறைப் புடவை. உள்ளே வைத்த வேட்டி ஓரமாக வெள்ளையாகத் தெரிந்தது. அதைப் பிரிக்கவில்லை. இரண்டு கையிலும் ஏந்தி என்னிடம் நீட்டினார்.

"இத நீயே மடிச்சிக்கோ," என்றார்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் புடவையைத் தொடவே இல்லை. யாருக்கும் காட்டவும் இல்லை. பதினைந்து வருஷத்துக்கு மேல் இருந்தார். சண்டை போட்டிருக்கிறோம், குழம்புக்குக் குறை சொல்லியிருக்கிறார், என் பிரசவத்துக்குக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பேச்சு மட்டும் வாயில் வரவில்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

அவர் காரியம் முடிந்து அவர் பெட்டியைத் திறந்தேன். அடியில், ஒரு மஞ்சள் துணிக்குள், அந்த மூன்று பட்டையும் இருந்தது. கஞ்சி துளி இல்லாமல் அலசியிருந்தது. மேல் மடிப்பில் மூக்கில்லாத மாங்காய். ஜரிகையைத் தடவிப் பார்த்தேன். எங்கேயும் உடையவில்லை. வருஷா வருஷம் மடிப்பு மாற்றாமல் அப்படி இருக்காது.

அத்தை போய்விட்டார் என்று தெரிந்தும், நான் திரும்பி வாசற்படியைப் பார்த்தேன்.

ஒரு உதவி

இதில் எனக்குச் சில சரியாகத் தெரியவில்லை. மூன்றாவது பாட்டா, நாலாவது பாட்டா? அது வைகாசிதானா, இல்லை ஆனி பிறந்துவிட்டதா? அப்போது களம்பூர் மில் களத்தில் அந்த வரவேற்புக்கு வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தப்பைத் திருத்திப் பத்திரிகைக்கு ஒரு வரி போடுங்கள்.

முதல் வரிசையில் இருந்த, வெங்காயத்தோல் கலர் புடவை கட்டின அம்மா உயிரோடு இருந்தால், அவர் வீட்டார் யாராவது கேட்டுச் சொல்ல வேண்டும். டிரம்மிலிருந்து பட்டு விழுந்தபோது என் அத்தை அவரிடம் சாய்ந்து என்ன சொன்னார்? அது திட்டாகவே இருந்தாலும் மாற்றாமல் அப்படியே எழுதுங்கள்.